டைரீக் ஹில்லா, ஏ.ஜே. பிரவுனா: 2022இல் யாருக்கு லாபம்?

அமெரிக்கக் கால்பந்தில் 2022 போல ஒரு வருடத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றரை மாதத்துக்குள் மூன்று பெரிய வைட் ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிக்கிறவர்கள், அணி மாறினார்கள். மார்ச்சில் டவாண்டே ஆடம்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்குப் போனார். சில நாளிலேயே டைரீக் ஹில், கேன்சஸ் சிட்டியை விட்டு மயாமி டால்ஃபின்ஸுக்கு. ஏப்ரல் 28, டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நடந்த இரவில், டென்னசி டைட்டன்ஸின் ஏ.ஜே. பிரவுன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு.

விலையை முதலில் பார்த்துவிடலாம். ஹில்லுக்காக மயாமி ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்தது. அப்புறம் நான்கு வருடத்துக்கு 120 மில்லியன் டாலர் ஒப்பந்தம். பிரவுனுக்கு ஈகிள்ஸ் கொடுத்தது 18ஆவது, 101ஆவது வாய்ப்புகள் மட்டும். ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 100 மில்லியன்.

ஹில்லின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வேகம். ஆனால் வெறும் ஓட்டம் என்று நினைத்தால் தப்பு. மயாமியின் அப்போதைய பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் அவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தை ஆட்டத்துக்கு விடச் செய்வார். எதிரில் நிற்பவர் கால் எடுத்துவைப்பதற்குள் ஹில் அவரைத் தாண்டியிருப்பார். 2022 செப்டம்பரில் பால்டிமோருக்கு எதிராக மயாமி கடைசிக் கால்பகுதியை 14-35 என்ற நிலையில் தொடங்கியது. அந்தக் கால்பகுதியில் 48 யார்டில் ஒன்று, 60 யார்டில் ஒன்று என்று ஹில் இரண்டு டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) போட்டார். இரண்டுமே பக்கத்தில் ஆளே இல்லாமல். ஆட்டம் 42-38 என்று மயாமிக்கு. அந்த சீசன் பந்தைப் பிடித்து அவர் எடுத்த தூரம் 1,710 யார்டு, அடுத்த சீசன் 1,799. இந்த எண்களோடு யாரும் சண்டை போட முடியாது.

பலவீனம்? உயரம் 5 அடி 10 அங்குலம். கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பந்தைப் பறிப்பது அவருடைய ஆட்டம் இல்லை. அவருடைய ஆட்டம் முழுக்க நேரக் கணக்கில் நிற்பது. மயாமியின் அப்போதைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) டுவா டாகோவைலோவா, ஹில் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுவார். 2024இல் டுவா தலையில் அடிபட்டு நான்கு ஆட்டம் உட்கார்ந்தபோது அந்தக் கணக்கு குலைந்தது. ஹில்லுக்கும் மணிக்கட்டில் காயம். சீசன் முடிவில் 959 யார்டுதான்.

பிரவுன் வேறு மாதிரி. 6 அடி 1 அங்குலம், 100 கிலோவுக்கு மேல். எதிராளியை விட்டு விலகி ஓடுவதில் அவர் முதல் வரிசை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எளிதான பந்தைக் கைநழுவவிடும் நாட்களும் உண்டு. ஈகிள்ஸுக்கு வருமுன்பே இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். ஆனால் எதிராளி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பந்து இவருடையதுதான். 2022 அக்டோபர் 30, பிட்ஸ்பர்க் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியிலேயே மூன்று நீண்ட டச்டவுன். முதலாவது 39 யார்டு. சுற்றிலும் தடுப்பாளர்கள் இருக்க, எம்பிப் பிடித்தார். அந்தப் பந்தை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த குவார்ட்டர்பேக். ஆள் முழுதாக விலகிய பிறகு எறிய வேண்டும் என்று காத்திருந்தவருக்கு, கொஞ்சம் பிசகி எறிந்தாலும் சமாளிக்கிற ஒருவர் கிடைத்தார். என் கண்ணுக்கு பிரவுனின் பெரிய பலம் அதுதான். யார்டு கணக்கில் இது வராது. முதல் சீசனில் அவருக்கு 1,496 யார்டு, ஹில்லைவிடக் குறைவு. ஆனால் ஈகிள்ஸ் அந்த சீசனிலேயே இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திக் கோப்பையையும் வாங்கியது. ஹில்லோடு மயாமி ஆடிய இரண்டு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டமும் தோல்வி.

மூன்றாமவர் ஆடம்ஸ் ரெய்டர்ஸில் முதல் சீசனில் 14 டச்டவுன் பிடித்தார், 1,516 யார்டு எடுத்தார். அவர் ரெய்டர்ஸுக்குப் போக ஒரு காரணமே அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த கல்லூரித் தோழர் டெரிக் கார். அந்த சீசன் முடிய இரண்டு ஆட்டம் இருக்கும்போது டெரிக் காரை ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் ஆடம்ஸும் கிளம்பிவிட்டார்.

புதிதாக ஒரு ரிசீவர் வரும்போது பழைய யார்டைப் பார்த்துத் துள்ளுகிறோம். நான் முதலில் பார்ப்பது அவருக்கு யார் எறியப்போகிறார், அந்த ஆள் தடுமாறும் நாளில் இவர் எவ்வளவு தாங்குவார் என்பதை. அந்தக் கணக்கில் என் ஓட்டு பிரவுனுக்கு. ஹில்லைப் பார்ப்பது அதிக சுகம், அதை மறுக்கவில்லை.

பிரவுனை விட்டுக்கொடுத்த டென்னசி, 2022 டிசம்பர் 4 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆட வந்தது. பழைய அணிக்கு எதிராக பிரவுன் 119 யார்டு எடுத்தார், இரண்டு டச்டவுன் போட்டார். ஈகிள்ஸ் 35-10 என்று ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து டென்னசி தன் பொது மேலாளரை வேலையை விட்டு நீக்கியது.