ஒரே ஆலைக்குப் பல பருவம் கரும்பு அனுப்பிய அனுபவம்

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் கரும்பு போடுகிறவர்கள் ஆலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தப் பகுதிக் கரும்பு எந்த ஆலைக்கு என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நெல்லோ மணிலாவோ என்றால் விலை சரியில்லாதபோது வேறு வியாபாரியைப் பார்க்கலாம். கரும்பில் அந்த வழி குறைவு. அதனால் ஆலை விவசாயியை எப்படி நடத்துகிறது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். எங்கள் பகுதித் தனியார் சர்க்கரை ஆலை ஒன்றில் பல பருவங்களாகக் கரும்பைப் பதிவு செய்து வருகிறேன். என் கணிப்பு இது: சொல்லிக் கொடுப்பதில் இந்த ஆலை நன்றாகவே செய்கிறது. முடிவெடுக்கும் முன் நம்மைக் கேட்பதில்தான் நெடுங்காலம் பின்தங்கியிருந்தது.

நடவு நேரத்து உதவிக்குக் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை, அதாவது இரண்டு முளை உள்ள கரும்புத் துண்டு, போட்டோம். விதைக்கரும்புக்கும் வெட்டுக்கூலிக்குமே கை காலியாகிவிடும். ஆலை ஒருபரு நாற்றுக்கு மாறச் சொன்னது. 5 அடி இடைவெளிப் பாரில் (வரிசையில்) 2 அடிக்கு ஒரு நாற்று என்றால் ஏக்கருக்கு 4,350 போதும். நாற்றைக் கடனில் கொடுத்து, கரும்புப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியத்தில் தரும் சொட்டுநீருக்கான காகித வேலையையும் கோட்ட அலுவலகத்திலேயே முடித்துக் கொடுத்தார்கள். சிட்டா, அடங்கல் என்று அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பூச்சி விஷயத்தில் ஆலையின் களப் பணியாளரான ஃபீல்டுமேன் செய்த உதவி இன்னும் பெரியது. இடைக்கணுப் புழு வந்தால் மருந்து அடித்துப் பயனில்லை, அது தண்டுக்குள் இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி வீதம் முட்டை ஒட்டுண்ணி அட்டையை (புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி உள்ள அட்டை) சோகையின், அதாவது கரும்பு இலையின், அடிப்பக்கம் கட்ட வேண்டும். ஆறு முறை கட்டினால்தான் கணக்கு. அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வயலுக்குள் வந்து கட்டிக் காட்டினார்கள். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிக்கச் சொல்லி நச்சரித்ததும் அவர்கள்தான். செவ்வழுகல் நோய் கண்ட தூரைத் தோண்டி எரிக்கச் சொல்லி, அந்த வயலில் மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மறுபடி வளரும் கரும்பு) விடாதே என்று கண்டிப்பாகத் தடுத்தார்கள். அப்போது கோபம் வந்தது, ஆனால் பக்கத்து வயல்கள் தப்பின.

சரி, வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆலையின் உண்மையான குணம், கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லும் வெட்டு உத்தரவு நேரத்தில்தான் தெரியும். பன்னிரண்டு மாதம் கடந்த கரும்பு வெயிலில் நின்றால் எடை குறையும், தண்டின் நடுவில் சாறில்லாத நெட்டியும் விழும். பதிவு தேதி வரிசைப்படி உத்தரவு வர வேண்டும். சில பருவங்களில் வரிசை மாறியது, ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. வெட்டுக்கு ஆள் கிடைக்காத காலம் வந்ததும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். 5 அடிப் பாரும், இயந்திரம் திரும்ப வயல் ஓரத்தில் இடமும் இருந்தால்தான் அறுக்க முடியும் என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? நடவுக்கு முன்பே ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் அன்றே தெரிந்திருக்கும்.

பிறகு கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே வாரத்தில் நட்டு, ஒன்றாக அறுக்கலாம் என்ற யோசனை ஊர்க் கூட்டத்தில் வந்தது. ஆலையின் கரும்பு அலுவலரான கேன் ஆபீசர் அதைக் குறித்துக்கொண்டு போய், அந்தக் கூட்டு வயல்களுக்குச் சேர்ந்தாற்போல் உத்தரவு கொடுத்தார். இப்போது அரவை தொடங்கும் முன் கூட்டம் நடக்கிறது. வெட்டு வரிசையை அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். பேர் இருக்கும் இடம் தெரிந்தால் மனுஷனுக்கு நிம்மதி.

பணம் இன்னும் தீரவில்லை. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்பது அதே 1966 ஆணையில் இருக்கிறது. தாமதமான பருவங்களுக்கு அந்த வட்டியை நான் பார்க்கவில்லை. 2024-25 பருவத்துக்கு 9.5 சதவீதம் வரை கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) உள்ள ஆலைகளுக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,151 ரூபாயாக இருந்தது. மாநில அரசின் ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்ந்து 3,500 ஆனது. இதில் வெட்டுக்கூலி போனால் மிச்சம் சொற்பம். அந்தச் சொற்பமும் மாதக்கணக்கில் நின்றால் அடுத்த மறுதாம்புக்கு உரம் வாங்கக் கடன்தான். கட்டுமானம் எவ்வளவு வந்தது என்ற கணக்கையும் கூட்டத்தில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னும் காட்டவில்லை.

புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு: நட்ட தேதியோடு பதிவுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எடைமேடையில் வண்டி ஏறும்போது நீங்களோ உங்கள் ஆளோ நில்லுங்கள். அப்புறம், அரவைக்கு முந்தைய கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். அங்கே பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால்தான் மினிட் புத்தகத்தில் எழுதுகிறார்கள்.