அடியைப் பார்த்து வாங்குங்கள்: ஜாகுவார் மார்க் 2 நெடுநாள் அனுபவம்

பழைய ஜாகுவார் ஒன்றை வைத்து ஓட்டுகிறேன் என்று தெரிந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மைலேஜ் எவ்வளவு குடுக்குது?” லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் ஏழு. இதைக் கேட்டதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது மார்க் 2, 3.4 லிட்டர், 1964 மாடல். கன்மெட்டல் சாம்பல் நிறம், உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. நான்கு கியர், அதற்கு மேல் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் உண்டு, பவர் ஸ்டீயரிங் கிடையாது. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் இருக்கிறேன். இந்தக் கார் பிறந்த கவன்ட்ரி பக்கம்தான். வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்காட்சிக்கு வைத்துத் துடைக்கிற வண்டி இல்லை. வசந்த காலம் வந்ததும் வெளியே வரும், வாரக் கடைசிகளில் ஓடும், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் ஷெட்டுக்குள் போய்விடும்.

ஏன் இந்தக் கார் என்று கேட்டால், பதில் அது வந்த ஆண்டிலேயே இருக்கிறது. 1959 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் ஷோவில் மார்க் 2 அறிமுகமானது. அடுத்த மாதமே எம்1 மோட்டார்வே திறந்தது. அப்போது அதில் வேக வரம்பே கிடையாது; 70 மைல் வரம்பு வந்தது 1965 டிசம்பரில்தான். நான்கு கதவு, பின்சீட்டில் வால்நட் மரத்தில் மடக்கு மேஜை, பெட்டி வைக்க டிக்கி என்று குடும்பக் காராக இருந்துகொண்டே, 3.8 லிட்டர் இன்ஜின் போட்டால் மணிக்கு 125 மைல் போகிற வண்டி அது. போலீஸும் வாங்கினார்கள், வங்கிக் கொள்ளைக்காரர்களும் விரும்பினார்கள். இரு தரப்புக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்த இன்ஜின் தனிக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது குண்டு வீச்சில் தீப்பிடித்தால் அணைக்க ஆலையில் இரவுக் காவல் இருக்க வேண்டும். ஜாகுவாரின் நிறுவனர் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி ஆகியோரும் கவன்ட்ரி ஆலையில் அப்படிக் காவல் இருந்த இரவுகளில் பேசிப் பேசி உருவாக்கியது எக்ஸ்கே இன்ஜின். ஆறு சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு, அலுமினியத்தில் ஹெட். 1948-இல் எக்ஸ்கே120 காரில் வந்தது. கடைசியாக டெய்ம்லர் லிமோசினில் 1992 வரை ஓடியது. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் போட்டியை 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை ஜெயித்த ஜாகுவார்களில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அந்த ரத்தம் ஓடுகிற காரில் காய்கறி வாங்கப் போகலாம் என்பதுதான் எனக்கு இதில் மயக்கமே. என் வீட்டுக்காரம்மாவுக்கு இது புரியவில்லை, “காய்கறி வாங்க 3.4 லிட்டர் எதுக்கு?” என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு கேம் கவர்கள் கண்ணில் பட்டதும் மனசு போய்விடும். விற்பவருக்கும் அது தெரியும். ஆனால் இன்ஜின் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரிசெய்துவிடலாம். பிஸ்டன், பேரிங், செயின், எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. காசைத் தின்பது பாடி. மார்க் 2-க்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். துரு உள்ளிருந்து வருகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்கம் குறுக்குச் சட்டம் உட்காரும் பகுதி, பின் ஸ்பிரிங் பொருத்தும் இடம், பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் கம்பியின் பிராக்கெட். இந்த ஐந்தையும் படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. காந்தம் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை மூடப் பூசும் பட்டிதான் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: பேனல் இணையும் இடங்களில் தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கிப் பூசி, அரத்தால் ராவிச் சமன் செய்திருப்பார்கள். அங்கேயும் காந்தம் ஒட்டாது, அது நல்ல அறிகுறி.

என் வண்டியில் இரண்டு சில்லும் போயிருந்தது தெரிந்துதான் விலை பேசினேன். சில்லை வெட்டிய அன்று பட்டறையில் கூடவே நின்றேன். வெல்டிங் செய்பவர் வயதானவர், வாயில் எப்போதும் மிட்டாய். அவர் முதலில் கிரைண்டரைத் தொடவே இல்லை. கதவுகளைக் கழற்றிவிட்டு, கதவு இருந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய் வைத்து வெல்ட் செய்தார். அப்படி முட்டுக் கொடுக்காமல் சில்லை எடுத்தால் தன் எடையிலேயே பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது. முட்டு வைத்த பின் கதவு இடைவெளியை மூலைக்கு மூலை அளந்து சாக்பீஸால் தரையில் எழுதினார். அதற்குப் பிறகுதான் வெட்டினார். வெளிச் சில் தகரம் கழன்று விழுந்ததும் உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதன்மேல் இரண்டு விரல் தடிமனுக்குப் பட்டி, அதன்மேல் அழகான பெயிண்ட். முன்பு யாரோ செய்த ‘ரீஸ்டோரேஷன்’. பெரியவர் சிரித்துக்கொண்டே, “இன்ஜின் ஒரு வாரம், பாடி ஒரு வருஷம்” என்றார். கொஞ்சம் குறைத்தே சொல்லியிருந்தார். பாடி வேலைக்குப் போன பணம் கார் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது.

ஆனாலும் அந்த வடிவத்துக்குச் செலவழித்ததில் எனக்கு வருத்தமில்லை. லயன்ஸ் காகிதத்தில் வரைந்ததை நம்பமாட்டார். முழு அளவில் மாதிரி செய்யச் சொல்லி, வாப்பன்பரி ஹால் என்ற தன் வீட்டுக்கே வரவழைத்து, பகல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாராம். பின் சக்கரத்துக்கு மேலே இறங்கி டிக்கியை நோக்கி ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்தால் அது கண்ணால் வந்தது என்று தெரியும்.

ஸ்டார்ட் செய்வதே ஒரு சின்னச் சடங்கு. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கிளம்பாது. பின்னால் எஸ்யூ நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் தானாக நிற்கும். நின்ற பிறகுதான் டேஷ்போர்டில் உள்ள ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்த வேண்டும். குளிரில் கிளம்புவதற்கென்று தனியாக ஒரு குட்டிக் கார்ப்பரேட்டர் உண்டு. அது ‘உஸ்’ஸென்று பாம்பு சீறுவதுபோல இரையும். இன்ஜின் சூடானதும் அது தானாக நிற்க வேண்டும், பல வண்டிகளில் நிற்காது, பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். நான் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துக் கையாலேயே நிறுத்துகிறேன். பழைய நிலை மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கோபப்படட்டும்.

இரண்டு பெரிய எஸ்யூ கார்ப்பரேட்டர்களையும் நானே ட்யூன் செய்யப் பழகிக்கொண்டேன். கணினி எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு நூல் அளவு மட்டும் தூக்க வேண்டும். இன்ஜின் சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. பிறகு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் காற்று இழுக்கும் இரைச்சல் ஒன்றுபோல வரும்வரை திருகுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

ஓட்டும் அனுபவம்: நிற்கும்போது ஸ்டீயரிங் திருப்பத் தோள் பலம் வேண்டும், ஒன்றரை டன் எடை. நகரத் தொடங்கினால் லேசாகிவிடும். மாஸ் (Moss) என்ற நிறுவனத்தின் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் இல்லை, அவசரப்பட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். 1965-இல் எல்லா கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ள புதிய பெட்டி வந்தது. ஓட்ட எளிது வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள். முதல் கியரில் மாஸ் பெட்டி போடும் ஊளைக்காகவே நான் இதை மாற்றவில்லை. நான்காவதில் போய்க்கொண்டிருக்கும்போது ஓவர்டிரைவைத் தட்டினால் சுற்று ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, இன்ஜின் அப்படியே அடங்கிவிடும். ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்வரும் தூரம், 106 மில்லிமீட்டர். இவ்வளவு நீள ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினை விரட்ட வேண்டியதில்லை, கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும்.

நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க் பிரேக். 1953 லெ மான் வெற்றியில் ஜாகுவாருக்குக் கைகொடுத்த அதே நுட்பம். கால் பிரேக்கில் குறையே சொல்ல மாட்டேன். ஹேண்ட்பிரேக் மட்டும் பேருக்குத்தான், மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவேன். ஈரச் சாலையில் மரியாதையோடு ஓட்ட வேண்டிய கார். இதற்கு முந்தைய மாடலில் பின் சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு, மார்க் 2-இல் அதை மூன்று அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். 1958 உலக சாம்பியன் மைக் ஹாத்தார்ன் 1959 ஜனவரியில் கில்ட்ஃபர்ட் அருகே இறந்தது அந்த முந்தைய மாடல் 3.4-இல். அவர் 1955 லெ மானை ஜெயித்ததும் ஜாகுவாரில்தான். பந்தய மைதானத்தில் மார்க் 2 சாதித்ததும் கொஞ்சமில்லை: பிரான்ஸைச் சுற்றி வரும் டூர் டி ஃப்ரான்ஸ் கார் போட்டியில் 1960 முதல் 1963 வரை வரிசையாக நான்கு ஆண்டு பெர்னார் கான்ஸ்டன் சலூன் பிரிவை வென்றார். 1963 ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் பீட்டர் நோக்கருக்கு. இரண்டுமே 3.8.

தொல்லைகள் என்று பார்த்தால், வெயில் நாளில் போக்குவரத்து நெரிசல். மூலப் பொருத்தத்தில் வரும் விசிறி இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும், நின்ற இடத்தில் சூடு ஏறும். மின்விசிறி போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. ஹீட்டர் இருக்கிறது, ஆனால் வெப்பம் வராது. கம்பளி போர்த்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்முனையில் எண்ணெய் கசிவைத் தடுப்பது ஒரு கயிறு. அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும் என்பதால் தட்டு ஒன்று அடியில் வைத்துவிட்டேன். இந்தக் காரில் உள்ள லூகாஸ் நிறுவனத்து மின்சாமான்களைப் பற்றி ஏகப்பட்ட கேலி உண்டு. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பழி துருப்பிடித்த எர்த் இணைப்புகளுக்குப் போக வேண்டும். அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. ஒரு எச்சரிக்கை: என் வண்டி காலத்து மாடல்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோவையோ ஃபோன் சார்ஜரையோ அப்படியே இணைத்தால் புகைந்துவிடும்.

பெட்ரோல் விஷயத்தில், 2021 செப்டம்பரில் இங்கே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறிக் கெடுகின்றன. குழாய்களை மாற்றிவிட்டு, விலை கூடினாலும் எத்தனால் குறைந்த இ5 மட்டும் போடுகிறேன். அரசாங்கம் இந்த விஷயத்தில் தாராளம்: 40 வயது தாண்டினால் சாலை வரி இல்லை, 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தாலும் நான் வருடாவருடம் எம்ஓடி எடுக்கிறேன். அடியில் வேறொருவர் கண் படுவது நல்லது. குழந்தைகள் உள்ளவர்கள் கவனிக்க: பெல்ட் இல்லாத பழைய காரில் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஏற்றக் கூடாது என்பது இங்கே சட்டம். பின்சீட்டுக்குப் பெல்ட் பொருத்துவது நான் முதலில் செய்த வேலைகளில் ஒன்று.

“யானையைக் கட்டித் தீனி போடுறீங்க” என்று நண்பர்கள் சொல்வார்கள். பாடி சரியாக இருந்தால் அவ்வளவு இல்லை. உதிரிபாகம் என் புதிய காருக்குக் கிடைப்பதைவிட இதற்குச் சுலபமாகக் கிடைக்கிறது. தபாலில் மறுநாள் வந்துவிடும். அபூர்வமான திருகு, கைப்பிடி மாதிரியானவற்றுக்கு செப்டம்பரில் தென் இங்கிலாந்தில் உள்ள பியூலி ஊரின் பழைய கார் சாமான் சந்தை இருக்கிறது. போனால் தேவையில்லாததையும் வாங்கி வருவேன். ஆண்டுக்குக் குறைந்த மைல் என்று எழுதிக் கொடுத்தால் இன்ஷூரன்ஸும் மலிவு, ஆனால் காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

எந்த இன்ஜின் வாங்கலாம்? 3.8-க்குப் பெயர், அதனால் விலை. 2.4 மந்தம் என்று ஒதுக்குவார்கள். ஊருக்குள் ஓட்ட அது போதும், மிச்சமாகும் பணத்தில் நல்ல பாடி கிடைக்கும். 3.4 இரண்டுக்கும் நடுவில், நான் அதைத்தான் சொல்வேன். 2.4-இல் 3.8 இன்ஜினை மாற்றி வைத்து 3.8 விலை சொல்கிறவர்கள் உண்டு. வண்டி எந்த இன்ஜினோடு, எந்த நிறத்தில் ஆலையைவிட்டு வந்தது என்பதற்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. முன்பணம் கொடுக்கும் முன் அதை வாங்கி, பானெட்டுக்குள் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள்.