பின்வளவில் ஒரு சிரட்டைப் பட்டறை: வெல்டிங்காரர் போட்டுத் தந்த கொட்டில் எப்படி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கூரையின் அமைப்புக்கு முழுப் புள்ளி. கதவுக்குப் பாதிப் புள்ளிகூட இல்லை. சொன்ன திகதிக்கு வேலை முடிந்ததா என்று கேட்காதீர்கள். அப்படியிருந்தும், திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் வளவு உள்ள யாராவது கொட்டில் போட ஆள் கேட்டால் இவரைத்தான் காட்டிவிடுவேன், சில நிபந்தனைகளோடு.

நான் சிரட்டையில் கரண்டி, கிண்ணம், விளக்கு மூடி செய்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்கிறேன். திருக்கடலூர்ப் பக்கம் வீடு. குசினிக்குப் பின்னால் இருந்த விறாந்தையில்தான் தொழில் தொடங்கியது. சிரட்டையை உரஞ்சும்போது பறக்கிற தூள் அரித்த மாவைவிட நுண்ணியது. காயப்போட்ட செத்தல் மிளகாயில் படியும், மாமியின் சாமித்தட்டு விளக்கில் படியும், கழுவி வைத்த கோப்பையின் அடியிலும் படியும். 4 அங்குல பெல்ட்டும் 6 அங்குல வட்டமும் சேர்ந்த, உரஞ்சுகிற சாண்டர் மெசின் ஒன்று வாங்கிய பிறகு, வீட்டோடு ஒட்டி வேலை செய்ய வழியே இல்லாமல் போய்விட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைத் துடைத்துத் துடைத்துக் காட்டினா.

எங்கள் கரையில் இந்தத் தொழிலுக்கு இரண்டு தொல்லை. வெள்ளைக்காரர் வருகிற சீசன் சித்திரை கழிந்து புரட்டாதி மட்டும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடிப்பதும் அந்த மாதங்களில்தான். ஆர்டர் கூடக் கூட வெக்கையும் கூடும். பிறகு ஐப்பசியிலிருந்து தை வரை மாரி. அந்த மழை நேரே விழாது, கடலிலிருந்து காற்றோடு சரிந்து உள்ளே வரும். ஒரே கொட்டில் இந்த இரண்டுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

விலை கேட்ட இடங்களில் எல்லோரும் போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னார்கள். ஒருவர் "உயரமான பக்கத்தைக் கடலுக்குக் காட்டிவிடுவோம், காற்று நல்லா வரும்" என்றார். காற்று வரும்தான். மார்கழியில் மழையும் அதே வாசலால் வரும், புயல் என்றால் கூரையையும் தூக்கிக்கொண்டு போகும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறிய இரவை இங்கே ஒருவரும் மறக்கவில்லை.

இவர் மட்டும் நேரில் வந்தார். நல்ல மத்தியான வெயிலில் வந்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்று, "அக்கா, மாரி மழை எந்தப் பக்கத்தால அடிக்கும்? பின்னேரம் வீட்டு நிழல் எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டார். அளவு நாடாவை அதற்குப் பிறகுதான் எடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே மனம் பிடித்துவிட்டது.

கொட்டில் 10 அடிக்கு 14 அடி. வீட்டுப் பக்கம் உயரம் 9 அடி, கடல் பக்கம் ஏழரை. கடல் பக்கத்துத் தாழ்வாரத்தை 3 அடி வெளியே நீட்டியிருக்கிறார். மழை சரிந்து வந்தாலும் கூரையின் முதுகில்தான் விழுகிறது. பின்னேர வெயிலை வீடும் வேம்பும் மறைக்கின்றன. உயரமான பக்கத்தில் கூரையை ஒட்டி ஒரு அடி இடைவெளி விட்டு வலை அடித்திருக்கிறார். கச்சான் அதனால் புகுந்து, மேலே தேங்கும் சூட்டைத் தள்ளிக்கொண்டு கடல் பக்கத்து வலையால் போய்விடும். சாண்டர் மெசினை நான் அந்த வலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீசன் காலத்தில் தூளில் பாதி தானாகவே வெளியேறிவிடுகிறது. மீதிக்கு முகக்கவசம் போட்டே ஆக வேண்டும். தேங்காய்ச் சிரட்டைதானே என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

கூரைக்கு சிங்க் அலூம் சீற், அதாவது துத்தநாகமும் அலுமினியமும் சேர்த்துப் பூசிய இரும்புத் தகடு. கொஞ்சம் மலிவாக முடிக்க அஸ்பெஸ்டஸ் போடலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். நாள் முழுக்க மூச்சு விடுகிற இடத்தில், துளை போட்டு ஆணி அடிக்கிற கூரைக்கு, நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. சீற்றுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரித்திருக்கிறார், மினுங்கும் பக்கம் கீழே பார்த்தபடி. பலர் இதை மேல்நோக்கி விரித்து சீற்றோடு நெருக்கி விடுவார்கள். மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் காற்று இருக்க வேண்டும், அப்போதுதான் சூடு கீழே இறங்காது. பகல் ஒரு மணிக்கு உள்ளே கையை உயர்த்திப் பார்த்தால் வெக்கை முகத்தில் அடிக்கவில்லை. பழைய தகரப் பத்தியில் இருந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தூண்கள் கொங்கிறீற்றுக்குள் புதைத்த போல்ட்டில் நிற்கின்றன, வெறுமனே குழி தோண்டி நட்டவை அல்ல.

சரி, குறைகளுக்கு வருவோம்.

வேலைக்கு வந்த பொடியன்மார் சீற்றைக் கிரைண்டரால் வெட்டினார்கள். அதை வெட்டக் கத்தரி இருக்கிறது. கிரைண்டர் வைத்தால் வெட்டிய விளிம்பில் பூச்சு கருகிவிடும். பறக்கிற சூடான இரும்புத் தூளும் சீற்றின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் மழை பெய்து காய்ந்ததும் புதுக் கூரையில் பழுப்புப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல. கிட்டப் போய் நகத்தால் சுரண்டினால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு சின்ன இரும்புத் துணுக்கு. சீற் இன்னும் பழுதாகவில்லை, ஆனால் அது புத்தம் புதுச் சீற்!

இதைவிடப் பெரிய குறை வெல்டிங் மூட்டுகள். 2 அங்குல பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்பு) முழுவதற்கும் துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஒக்சைட் பூசிக் கொண்டுவந்தார்கள், நல்லது. ஆனால் வளவில் வைத்து வெல்டிங் அடித்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்து போய்விடும், திரும்பப் பூச வேண்டும். அவசரத்தில் மேலே வெள்ளிப் பெயின்றை இழுத்து விட்டுவிட்டார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வளவு இது. ஒரு மாரி முடியவில்லை, மூட்டுக்கு மூட்டு துரு ஒழுகியது. தாழ்வாரத்தில் நீண்டிருக்கும் பாரின் முனைகளையும் திறந்தபடியே விட்டிருந்தார்கள். உப்புக் காற்று உள்ளே போனால் பார் உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியவே தெரியாது.

போன் செய்து சொன்னேன். உடனே வரவில்லை, ஆனால் வந்தார். மூட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகப் பூச்சு பூசி, முனைகளுக்குத் தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தார். இதற்காகத்தான் அவரை இன்னும் சிபாரிசு செய்கிறேன். காசு கைக்குப் போன பிறகு போனை எடுக்கிற ஆள் எங்கே கிடைக்கிறார்?

தாமதத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சித்திரை வருசத்துக்கு முன் என்றார், வைகாசி பிறந்த பிறகு திறப்பு தந்தார். சீசன் ஆர்டர் ஒன்று கையை விட்டுப் போனது.

வயரிங் இவருடைய வேலை அல்ல, அயலில் இருக்கிற தம்பி ஒருவர் செய்தார். அதையும் சொல்ல வேண்டும். வீட்டு விறாந்தைப் பிளக்கிலிருந்து நீட்டு வயர் இழுத்து மெசின் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மோட்டார் தொடங்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், மெல்லிய நீட்டு வயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். இந்தத் தம்பி மெயின் போர்டிலிருந்தே தனி லைன் எடுத்தார். பிளக்குகளுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது), குழாய்க்குள் போட்டு நிலத்துக்குக் கீழே. கொட்டிலுக்கென்று தனியாக கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், தனி ஏர்த் கம்பி. இரும்புக் கொட்டிலுக்குள் ஈரக் காலோடு நிற்கிற மாரி காலத்தில் அந்தச் சுவிட்ச்தான் உயிர்.

செலவு: சீற், இரும்பு, கூலி எல்லாம் சேர்த்து 3 இலட்சத்து 40 ஆயிரம். 3 அடி உயர புளொக் கல் சுவரும் சீமெந்து நிலமும் மேசன் கணக்கு, வயரிங் வேறு. விலை கேட்ட மற்றவர்களைவிட இவர் கூடத்தான். அந்தக் கூடுதல் காசு நீட்டிய தாழ்வாரத்துக்கும் வெள்ளித்தாளுக்கும் போல்ட்டுக்கும் போனது, எனக்கு அதில் மனக்குறை இல்லை.

இவரிடம் வேலை கொடுப்பதென்றால் நான் சொல்லும் நிபந்தனைகள் இவை. சீற்றைக் கத்தரியால்தான் வெட்ட வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு, மேல் பெயின்ற் அடிக்க முன், ஏணியில் ஏறி மூட்டுகளை நீங்களே பாருங்கள். கடைசிக் காசில் ஒரு பகுதியை முதல் மழை வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே சுவர், மேலே வலை என்றது காற்றுக்காக மட்டுமல்ல. எங்கள் நகரத்து மான்கள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்தோடு நிற்பதில்லை, கேற் திறந்திருந்தால் வளவுக்குள்ளும் வரும். விறாந்தையில் வேலை செய்த காலத்தில் பொதி செய்ய வைத்திருந்த காகிதத்தையும் மட்டைப் பெட்டியையும் ஒரு மான் ஆற அமர நின்று தின்றுவிட்டுப் போனது. கிண்ணங்களை மோந்துகூடப் பார்க்கவில்லை.

இனிக் கதவு. தள்ளுகிற கதவு இடத்தை மிச்சம் பிடிக்கும் என்று சொல்லி அதைப் போட்டார். கீழே அதற்கு ஒரு இரும்புத் தண்டவாளம். தூளே தொழிலாக இருக்கிற இடத்தில் நிலத்தில் தண்டவாளம் வைத்தால் என்ன ஆகும்? சிரட்டைத் தூளும் கடற்கரை மணலும் சேர்ந்து இறுகி, காலை வேளைகளில் கதவை நகர்த்த நானும் மகனும் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது. வெளியே திறக்கிற இரட்டைக் கதவாக மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். மாரிக்கு வரும் வாடைக் காற்று தொடங்குவதற்குள் வந்து முடிக்கிறேன் என்றிருக்கிறார். முற்பணம் கேட்டார். கதவோடு வாருங்கள், தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.