பதினாறு அங்குலக் குழலுக்கு எவ்வளவு வேகம் கூடுகிறது?

ரூகர் பிசி கார்பைன் என்ற குட்டை ரைபிளை வாங்கி எட்டு மாதமாகிறது. துப்பாக்கியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. விற்றவர் சொன்ன கணக்கில்தான் குறை. என்னிடம் இருக்கும் கிளாக் 19 கைத்துப்பாக்கியின் குழல் நான்கு அங்குலம், இதற்குப் பதினாறு. அதே 9 மி.மீ. தோட்டாவைப் போட்டாலும் வேகம் ஒன்றரை மடங்காகிவிடும் என்றார். முப்பது வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவனிடம் மடங்குக் கணக்குச் சொன்னால் சரிபார்க்காமல் தூக்கம் வருமா?

டெக்சாஸ் வெயில் ஏறுவதற்குள் சுடும் தளத்துக்குப் போய், மேசையிலிருந்து பத்தடி தள்ளிக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை முக்காலியில் நிறுத்தினேன். இரண்டு எடைக் குண்டுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரே பெட்டித் தோட்டாவில் கைத்துப்பாக்கியில் பத்து, கார்பைனில் பத்து. 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டு கைத்துப்பாக்கியில் நொடிக்குச் சராசரியாக 1,140 அடி போனது, கார்பைனில் 1,270. நூற்றுக்குப் பதினொன்று கூடுதல். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதில் மட்டும் கால் பங்கு போலக் கூடியது. கனமான 147 கிரெய்ன் குண்டின் நிலைமை இன்னும் பரிதாபம்: 960-இலிருந்து 1,005. பன்னிரண்டு அங்குல இரும்பைக் கூடுதலாகச் சுமந்து 45 அடி சம்பாதித்தேன்.

காரணம் தோட்டாவுக்குள்ளேயே இருக்கிறது. 9 மி.மீ. தோட்டா கைத்துப்பாக்கிக்காகப் பிறந்தது. அதில் வெடிமருந்து கொஞ்சம், அதுவும் சட்டென்று எரிந்து முடிவது. குண்டு முதல் சில அங்குலம் நகர்வதற்குள் பெரிய உந்துதல் எல்லாம் தீர்ந்துவிடும். அதன்பிறகு குழல் நீள நீள வாயு விரிந்து அழுத்தம் இறங்குகிறது. உராய்வு மட்டும் விடாமல் பிடித்து இழுக்கிறது. ‘பேலிஸ்டிக்ஸ் பை தி இன்ச்’ குழுவினர் 2008-இல் 18 அங்குலக் குழல்களை அங்குலம் அங்குலமாக அறுத்து, 2 அங்குலம் வரை சுட்டு அளந்தார்கள். அதிலும் 9 மி.மீ.க்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குமேல் லாபம் சொற்பமே. .357 மேக்னம் கதை வேறு. மருந்து நிறைய, மெதுவாக எரிவது. நீண்ட குழலில் நானூறு ஐந்நூறு அடிகூட ஏறும். கடைக்காரர் அந்தக் கணக்கை இந்தத் துப்பாக்கிக்கு ஒட்டிவிட்டார் போலும்.

பிறகு எதற்குப் பதினாறு? அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும். இதன் குழல் 16.12 அங்குலம். அந்த .12 இயற்பியலுக்காக அல்ல, வக்கீலுக்காக.

மற்றபடி நல்ல வேலைப்பாடு. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைப் பின்னுக்கு நிறுத்தி, முன்கட்டைக்கு அடியில் உள்ள நெம்பியைத் தள்ளிக் குழலைத் திருப்பினால் இரண்டாகக் கழன்று பைக்குள் அடங்குகிறது. கூடவே வரும் மாற்றுக் கூட்டைப் பொருத்தினால் கிளாக்கின் மேகசின்களே (தோட்டா அடுக்கும் பெட்டிகளே) போதும். எனக்குப் பணம் மிச்சம். எடை ஏறத்தாழ மூன்று கிலோ. போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை வைத்தும், 9 மி.மீ.க்கு நான் நினைத்ததைவிடத் தோளில் சற்று அழுத்தமாகவே இடிக்கிறது.

இப்போது நான் வாங்குவது 147 கிரெய்ன்தான். கார்பைனிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாததால், அந்தச் சவுக்கடிச் சத்தம் இல்லை. குண்டு போய்த் தகட்டில் மோதுவது தனியாகக் கேட்கிறது. ஐம்பது கஜத்தில் எட்டு அங்குல இரும்புத் தகடு. என் அறுபது வயதுக் கண்ணுக்குக் கைத்துப்பாக்கியில் பத்துக்கு நான்கு விழும். கார்பைனைத் தோளில் ஊன்றி, துப்பாக்கியின்மேல் தள்ளித் தள்ளி இருக்கும் குறிபார்க்கும் துண்டுகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சுட்டால் பத்துக்குப் பத்து.