நியூயார்க் மேசையா, பாஸ்டன் மேசையா?

சீட்டாட்ட மேசை ஒன்று வாங்க இரண்டு குளிர்காலம் அலைந்தேன். 1800-க்கும் 1815-க்கும் நடுவில் அமெரிக்காவில் செய்தது, மேல்பலகை இரண்டாக மடிந்து சுவரோரம் ஒடுங்கி நிற்கும் வகை. கடைசியில் இரண்டு மேசைகள் மிஞ்சின. ஒன்று நியூயார்க்கில், அந்தக் காலத்துத் தச்சர் டங்கன் ஃபைஃப் பாணியில் செய்தது. மற்றது பாஸ்டனில், தச்சர்கள் ஜான் சீமோர், அவர் மகன் தாமஸ் சீமோர் பாணியில் செய்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் நியூயார்க் மேசையை எடுத்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது, இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

முதல் பார்வையில் கண்ணை இழுப்பது என்னவோ பாஸ்டன்தான். சீமோர் குடும்பம் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1784-ல் கிளம்பி, இன்று மேய்ன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்துக்கு வந்தது. 1793-ல் பாஸ்டனுக்கு மாறியது. சிவந்த மஹோகனிக்கு நடுவே வெளிர் மஞ்சள் மரத் தகடுகள், ஓரத்தில் பிறை பிறையாக ஓடும் பதிப்பு வேலை (மரத்தில் குழி எடுத்து வேறு நிற மர இழையை ஒட்டுவது), கீழே போகப் போக மெலியும் கால். அவ்வளவு நறுவிசு.

ஃபைஃப் ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆல்பனி வழியாக நியூயார்க் வந்தவர். பின்னாளில் ஃபுல்டன் தெரு ஆகிவிட்ட பார்ட்டிஷன் தெருவில் பெரிய பட்டறை வைத்திருந்தார். இரண்டு மரத்தின் நிறத்தை மோதவிடுவது அவர் வழியல்ல. ஒரே மஹோகனியை உளியால் பேசவைப்பார்: நாணல் கட்டு போல வரி வரியான கால்கள், நீர்ச்செடி இலை போன்ற செதுக்கல், நாற்காலி முதுகில் யாழ்.

சரி, நான் முடிவெடுத்தது அழகை வைத்து அல்ல, பராமரிப்பை வைத்து.

மரம் தன் வரியோட்டத்துக்குக் குறுக்கே சுருங்கி விரியும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே போகும். ஜூலையில் 60-ஐத் தாண்டும். பதிப்பு வேலையில் ஒரு மரத்தின் வரி ஒரு பக்கம், அடியில் இருக்கும் மரத்தின் வரி இன்னொரு பக்கம். அடிமரம் சுருங்கும்போது மேலே ஒட்டிய மெல்லிய வெள்ளை இழைக்குப் போக இடமில்லை, எழும்பி நிற்கும். ஒட்டியிருப்பதோ இருநூறு வருடத்து வச்சிரம் என்ற தோல் பசை, காய்ந்து கண்ணாடி போல நொறுங்கும் நிலையில். பாஸ்டன் மேசையின் காலில் ஒரு பருத்தித் துணியை மெல்ல ஓட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் துணியின் நூல் மாட்டியது. குனிந்து பார்த்தால் அரிசி மணி நீளத்துக்கு இழை தூக்கிக்கொண்டிருந்தது, அதன் கீழே இன்னொரு துண்டு ஏற்கெனவே விழுந்து, குழியில் மெழுகு அடைத்திருந்தது. வாராவாரம் தூசி தட்டும் வீட்டில் அது எத்தனை நாள் தாங்கும்?

வச்சிரத்தில் ஒரு நல்ல குணமும் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகும். பழைய ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆனால் காணாமல்போன இழைக்கு அதே நிறத்தில், அதே பழுப்பேறிய மரம் தேடிப் பதிக்க வேண்டும். அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும், கூலியும் அதிகம்.

நியூயார்க் மேசையிலும் பலகைக்குக் கீழுள்ள பட்டையில் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு, உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் காலத்து வெனீர் கையால் அறுத்தது, இன்றைய தகட்டைவிட நல்ல தடிமன். கால்களும் செதுக்கலும் முழு மரம், உரிந்து வர எதுவுமில்லை. இலைச் செதுக்கலின் பள்ளத்தில் தூசி சேரும்; மென்மையான பிரஷ் போதும். என் மேசையில் வந்த ஒரே கோளாறு ஐந்தாவது காலில். மடிப்பைத் திறந்தால் பின்னால் சுழன்று வந்து பலகையைத் தாங்கும் கால் அது, நியூயார்க் மேசைகளில் அடிக்கடி பார்க்கலாம். அதன் மரக் கீல் தேய்ந்து ஆடியது. ஒரு மதிய நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார் தச்சர்.

ஃபைஃப் என்ற பெயருக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். அவர் பட்டறைச் சாமான்களில் பெயர்ச்சீட்டு இருப்பது அபூர்வம். 1920-களிலிருந்து வந்த நகல்களோ ஏராளம். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். வளைவு வளைவாக ரம்பக் கோடு தெரிந்தால் வட்ட ரம்பம், அந்தக் காலத்து அறுப்பு இல்லை. கைவிரலை ஓட்டினால் இழைப்புளி விட்ட மெல்லிய அலை தட்டுப்பட வேண்டும்.

பெயர்ச்சீட்டு வேண்டும் என்றால் தச்சர் லானுயே செய்ததைத் தேட வேண்டும். 1803-ல் பிரான்சிலிருந்து நியூயார்க் வந்து, 1819-ல் நாற்பது வயதில் இறந்தவர்; ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட சீட்டு ஒட்டுவார். வெள்ளை மாளிகையின் சிவப்பு அறையில் அவருடைய வட்ட மேசை இருக்கிறது. நம் கைக்கு எட்டாத விலை. எட்டினாலும், அவருடைய சீட்டாட்ட மேசைகள் சிலவற்றைத் தாங்கி நிற்கும், தங்க முலாம் பூசிய சிறகுப் பெண் உருவங்களை ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தால் முலாம் கையோடு வந்துவிடும்.

மறுவிற்பனையில் எனக்கு அனுபவம் இல்லை, எதையும் இதுவரை விற்றதில்லை. இந்த வகைச் சாமான்களின் விலை 2000-களின் தொடக்கத்திலிருந்து நன்றாக இறங்கியிருப்பது மட்டும் ஊரறிந்தது. வாங்குகிறவர்களுக்கு அது நல்ல சேதி.

அப்புறமும் மனம் பாஸ்டன் பக்கமே போனால், பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். ஜூலையில் காற்றின் ஈரத்தில் எல்லா விரிசலும் மூடியிருக்கும்.