வீட்டோடு வந்த மீன் குளம்: மூன்று கோடைகளுக்குப் பிறகு

கோவையின் மேற்குப் பக்கம் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு சிமென்ட் குளம் இருந்தது. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றரை அடி ஆழம். அதில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்த கோய் கார்ப் மீன்கள், கொஞ்சம் கோல்டு ஃபிஷ், ஒரு மூலையில் அல்லிக்கொடி. தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. மீன் வளர்த்த பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இப்போது மூன்றாவது கோடை நடக்கிறது. இப்படி வீட்டோடு குளமும் கைக்கு வந்தவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாவி கைக்கு வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, தண்ணிய முச்சூடும் எறைச்சுட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு உட்டீங்கன்னா பளிச்சுனு ஆயிடுமுங்க." அக்கறையோடு சொன்ன யோசனைதான். மொட்டைமாடித் தொட்டியை நாம் அப்படித்தானே கழுவுகிறோம். ஆனால் மீன் இருக்கும் குளத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. நல்லவேளையாக, கை வைப்பதற்கு முன் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

மீன் கழிவிலிருந்தும், செவுள் வழியாகவும் அம்மோனியா தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும். மீனுக்கு அது விஷம். குளத்துச் சுவரிலும், கூழாங்கல்லிலும், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது மீனுக்கு அவ்வளவு தீங்கில்லாதது, செடிக்கு உரம். புதுக் குளத்தில் இந்தப் பாக்டீரியா ஊன்றிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சுவரை ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்தால் அத்தனையும் ஒரே மணிநேரத்தில் போய்விடும். பளிச்சென்ற தண்ணீரில் மீன் இரண்டு நாளில் மிதக்கும். பச்சைத் தண்ணீரோ பார்க்கத்தான் அழகில்லை, மீனுக்கு அதனால் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை.

அதனால் முதலில் செய்தது அளவெடுப்பது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். எங்கள் குளம் ஏறக்குறைய 5,900 லிட்டர். இந்த எண் தெரியாமல் உப்போ மருந்தோ எதையும் குளத்தில் போடாதீர்கள். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் குளத்துக்கு மீன் கூடுதல். பெரியவற்றில் இரண்டை, பெரிய குளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தோம். கொடுக்க மனசே வரவில்லை. ஆனால் இன்றுவரை நான் எடுத்த முடிவுகளில் அதுதான் மிகச் சரியானது.

அடுத்து வாங்கியது சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி. பம்பு, லைட்டு, ஃபவுண்டன் எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குக் காசு ஒதுக்குங்கள். அம்மோனியா இல்லையென்றால் சோதனைக் குழாயில் இருக்கும் தண்ணீர் மஞ்சளாக நிற்கும், இருந்தால் பச்சை ஏறும். இதோடு, தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் pH-ஐயும் பார்த்தே ஆகவேண்டும். ஏனென்றால் pH 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். பாசி நிறைந்த குளத்தில் pH விடியற்காலையில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். காலையில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அமிர்தம். மீன் குளத்தில் மட்டும் அதற்கு ஒரு குறை உண்டு: உப்புத்தன்மையே இல்லாத மென்நீர். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா, pH இறங்காமல் தாங்கும் கார்பனேட்டைத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டே போகும். மென்நீரில் அது சீக்கிரம் தீர்ந்துபோய், pH ஒரே இரவில் தடாலென்று இறங்கிவிடும். தொடர்மழை பெய்தால் இன்னும் மோசம், மழைத்தண்ணீரில் கார்பனேட்டே இருக்காது. நான் கண்ட வழி ரொம்ப எளிது: நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை இரண்டு கிலோ அளவுக்கு வலைப்பையில் கட்டி, ஃபில்டருக்குள் தண்ணீர் ஓடும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் புளிப்பேற ஏற அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும். பை இளைத்துப்போனால் புதிதாகப் போட வேண்டியதுதான். போர்த் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது, அவர்களுக்கு அது ஏற்கெனவே கடினநீர்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன். முந்தின நாளே டிரம்மில் பிடித்து, காற்றைக் குமிழ் குமிழாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு, மீன் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று விற்கும் ஹைப்போ, அதாவது குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட். வெயிலில் வற்றியதற்கு மேலாக ஊற்றி நிரப்பினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், நைட்ரேட் உள்ளேயே நிற்கும். எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். எடுக்கும் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. பழைய கறிவேப்பிலைச் செடி இப்போது மரமாகிவிட்டது.

இனி, மூன்று கோடையிலும் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிஜன்.

20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்குத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் பாசியும் செடியும் இரவில் மீனோடு சேர்ந்து அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் குளம் மூச்சுத்திணறுவது நட்டநடு வெயிலில் இல்லை, விடிவதற்குச் சற்று முன்னால். ஏப்ரல் மாதம் ஒரு நாள் ஐந்து மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லா மீனும் தலையை மேலே தூக்கி, வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நாம் போனதும் தீனிக்காக ஓடிவந்து வாய் திறப்பதும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். வித்தியாசம் செவுளில் தெரியும்: திணறும் மீனின் செவுள்மூடி வேகவேகமாக அடிக்கும், ஆள் போனாலும் அது இடத்தைவிட்டு நகராது. தீனிக்கு வரும் மீன் குழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

அன்றிலிருந்து ஏர் பம்பு இரவு பகலாக ஓடுகிறது, இன்வெர்ட்டர் லைனில். அது இழுப்பது பத்துப் பதினைந்து வாட்தான், இன்வெர்ட்டருக்கு ஒரு சுமையே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மாலை வரை வராத நாட்களில் ஃபில்டருக்குத் தண்ணீர் தள்ளும் மெயின் பம்பு நிற்கும், ஏர் ஸ்டோன் நிற்காது. அப்படிப்பட்ட நாளில் தீனியும் கிடையாது, செரிமானத்துக்கும் ஆக்சிஜன் செலவாகும் என்பதால். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரி ஏர் பம்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதுவும் இல்லாத நேரத்தில் வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் மீன் பிழைக்கும். இதோடு மார்ச்சிலேயே பாதிக் குளத்துக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டிவிடுகிறேன்.

மெயின் பம்பு 40 வாட். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாத பில்லில் 58 யூனிட் அளவுக்கு வரும். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மீனுக்கே போய்விடுகிறது என்று வீட்டில் பேச்சு வரும். ராத்திரி நிறுத்தி வைத்தால் என்ன என்ற கேள்வியும் வரும். நிறுத்தக் கூடாது. தண்ணீர் ஓடாமல் பல மணி நேரம் நின்றால் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்துவிடும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அந்த அழுகல் முழுக்கக் குளத்தில் இறங்கும்.

ஃபில்டர் நாங்களே செய்தது. 200 லிட்டர் நீல டிரம், கீழே முரட்டுப் பிரஷ், நடுவில் ஸ்பாஞ்ச், மேலே பாக்டீரியா ஒட்டி வளர்வதற்கான பயோபால் என்ற பிளாஸ்டிக் பந்துகள். கடையில் வாங்கிய பெட்டி ஃபில்டரை எங்கள் குளத்துக்குப் போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கோய் போடும் கழிவுக்கு அது பத்து நாளில் அடைத்துக்கொண்டது. டிரம் அப்படி அடைத்ததே இல்லை. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், குளத்திலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில், ஒரு தடவைக்குப் பாதி மட்டும் பிழிந்து எடுக்கிறேன். பழுப்பாகக் கூழ் கூழாக வரும். நன்றாக வேலைசெய்யும் ஸ்பாஞ்சில் மண்வாசனை அடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எங்கோ தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது என்று அர்த்தம், அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை விடாதீர்கள்.

பச்சைத் தண்ணீருக்கு யூவி விளக்கு வைத்தோம், இரண்டு வாரத்தில் அடித்தரை தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை பல்பை மாற்ற வேண்டும். பார்க்க எரிந்துகொண்டே இருந்தாலும் பாசியைக் கொல்லும் கதிர் குறைந்துவிடும். சுவரில் ஒட்டி வளரும் நூல்பாசிக்கு இது உதவாது, அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

தீனியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்ப் இனத்துக்கு இரைப்பையே கிடையாது, ஒரேயடியாகத் தின்று சேமித்து வைக்க அதனால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். விருந்தாளிகள் ரொட்டி போடுவதை அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

புது மீனை நேராகக் குளத்தில் விடவே விடாதீர்கள். கடையில் எவ்வளவு துள்ளினாலும் சரி, எங்கள் வீட்டில் மூன்று வாரம் தனித்தொட்டிதான். அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு மூன்று கிராம் கணக்கில். சென்ற வருடம் வந்த ஒரு மீனின் துடுப்படியில் அரிசிக் குருணை அளவில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பொட்டு ஒன்று. விரலால் தொட்டதும் நகர்ந்தது. மீன் பேன். குளத்துக்குள் போயிருந்தால் அத்தனை மீனும் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிந்திருக்கும். தொட்டியில் இருந்ததால் சாமணத்தால் எடுத்ததோடு முடிந்தது. அந்த உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

மடையான் வரும், மீன்கொத்தி வரும். கரையில் மண்ணோடு மண்ணாக அசையாமல் நிற்கும் மடையான், பறக்கும்போதுதான் வெள்ளையென்று தெரியும். குளத்துக்கு மேல் வலை இருந்தால் போதும். மழைக்காலத்தில் தண்ணீர்ப் பாம்பும் எட்டிப் பார்க்கும், விஷமில்லாதது, அடிக்க வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தைகள். மூன்றரை அடி ஆழம் சின்னக் குழந்தைக்கு உயிர்போகும் ஆழம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஆள் நின்றாலும் தாங்கும் இரும்பு கிராதி போட்டிருக்கிறோம். வீட்டில் குழந்தை இருந்தால், அல்லது வந்துபோனால், மீனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

டெங்கு சமயத்தில் கொசு ஒழிப்பு ஊழியர்கள் வந்து பார்ப்பார்கள். மீன் இருக்கும் குளத்தில் புழு தங்காது என்று காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். புகை அடிக்க வந்தால் மட்டும் குளத்தைத் தார்ப்பாயால் மூடி, அந்தச் சிறிது நேரத்துக்கு ஏர் பம்பையும் நிறுத்துவேன். தோட்டத்துச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் பலவும் மீனுக்குக் கொடிய விஷம். எங்கள் தோட்டத்தில் மருந்தடிப்பதையே விட்டுவிட்டோம்.

போன ஐப்பசி மழையில் கோய் முட்டையிட்டது. வெங்காயத்தாமரை வேரில் ஜவ்வரிசிக் குருணை அளவுக்கு ஒட்டிக்கிடந்தன. பெற்ற மீன்களே முக்கால்வாசியைத் தின்றுவிட்டன, அப்படியும் குஞ்சு நிறையத் தப்பியது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். மீதியை நொய்யலிலோ ஏரியிலோ விட்டுவிடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் நம் ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கார்ப் அடிச்சேற்றைக் கிளறிக்கிளறியே குளத்தைக் கலக்கிவிடும். வெங்காயத்தாமரையையும் அப்படி வெளியே விடக் கூடாது, எடுத்ததைக் காயவைத்து உரக்குழியில் போடுகிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், எனக்கு இதில் மனநிறைவு இருக்கிறது. தினமும் பதினைந்து நிமிடம், ஞாயிறு ஒரு மணி நேரம். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இல்லாதவர்கள், கோய்களை நல்ல இடத்தில் கொடுத்துவிட்டு, அதே குளத்தில் அல்லியும் கொஞ்சம் கப்பி மீனும் மட்டும் விட்டுக்கொள்ளலாம். கொசுவும் வராது, பெரிய ஃபில்டரும் வேண்டாம். கோய்களை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், அவை இருபது முப்பது வருடம் வாழக்கூடியவை என்பதை எண்ணிக்கொண்டு எடுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம். இந்த மழைக்கு முன்னால் இரண்டாவது டிரம் ஒன்று சேர்க்கப்போகிறோம்.