உள்ளடக்கம் ஒரு கோப்பில், தோற்றம் இன்னொன்றில்: மும்மொழிக் கையேடுகளில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

கொழும்பில் ஒரு கையேடு என்றால் பெரும்பாலும் மூன்று கையேடு: சிங்களம், தமிழ், ஆங்கிலம். இணையக் கையேட்டில் எழுத்துரு, நிறம் போன்ற தோற்ற விதிகளை, உள்ளடக்கம் இருக்கும் எச்.ரி.எம்.எல் கோப்புக்கு வெளியே எடுத்து, தோற்றத்துக்கென்றே உள்ள சி.எஸ்.எஸ் கோப்பில் வைப்பதன் பலன் ஒருமொழித் தளத்தில் மெதுவாகத்தான் தெரியவரும். மும்மொழித் தளத்தில் உடனே தெரியும்.

சாய்வெழுத்தையே எடுங்கள். ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும் சொல் சாய்ந்து நிற்கும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேரெழுத்தைப் பிடித்துச் சரித்துவிடும், பார்க்கச் சகிக்காது. உள்ளடக்கத்தில் ‘இது அழுத்தம்’ என்று சொல்லும் இ.எம் குறி மட்டும் இருந்தால், தமிழுக்குச் சாய்வை நிறுத்தித் தடிப்பு 600 என ஒரே விதி போதும். குறிக்குள்ளேயே தோற்றத்தைச் சொல்லும் ஸ்ரைல் பண்பு எழுதியிருந்தால் பக்கம் பக்கமாகத் திறக்கவேண்டியதுதான். வரி உயரமும் அப்படியே: ஆங்கிலத்துக்கு 1.5 போதும், தமிழுக்கு 1.7 வையுங்கள். நெருக்கினால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் வளைவில் முட்டும்.

இவை வேலை செய்ய ஒவ்வொரு பக்கத்திலும் அதன் மொழியைச் சொல்லும் லாங் பண்பு சரியாக இருக்கவேண்டும். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்து மொழிபெயர்ப்பவர்கள் அதைத் தமிழுக்கான ‘ரி.ஏ’ என மாற்ற மறந்துவிடுகிறார்கள். தோற்ற விதி அந்தப் பக்கத்தில் பிடிக்காது. பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும்.

பழைய ஆவணங்களில் வில்லங்கம், யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு. எழுத்துருவை உள்ளடக்கத்திலேயே சொல்லும் பொன்ற் குறியை 1997இலேயே எச்.ரி.எம்.எல் 4 தவிர்க்கச் சொல்லிவிட்டது. பாமினிப் பக்கங்களோ அதை நம்பியே நிற்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. சுத்தம் செய்யும் உற்சாகத்தில் பொன்ற் குறிகளை முதலில் துடைத்தால், எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று காட்டிய ஒரே அடையாளமும் போய்விடும். பாமினிக் குறிக்குள் உள்ளதை மட்டும் முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, கண்ணால் சரிபார்த்து, அதன் பிறகே குறியை நீக்குங்கள்.

தோற்ற விதியைப் பிணைக்கக் குறிகளுக்கு இடும் கிளாஸ் பெயர்களில் பலர் சறுக்குகிறார்கள். ‘சிவப்புப் பெட்டி’ என்று பெயர் வைத்தால் அது தோற்றத்தை மறுபடி உள்ளே கொண்டுவருவதுதான். டார்க் மோட் சேர்க்கும் நாளில் அந்தச் சிவப்புப் பெட்டி மஞ்சளாகிவிடும், பெயர் மட்டும் சிவப்பாகவே இருக்கும். ‘எச்சரிக்கை’ என்று வையுங்கள். எழுத்துச் சிறிதாகத் தெரிகிறது என்பதற்காக நாலாம் நிலைத் தலைப்பைத் தெரிவதும் இதே குற்றம்.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. ‘வோர்னிங்’ என்ற சொல்லையே சி.எஸ்.எஸ்ஸின் பிபோர் விதியால் பெட்டியின் தொடக்கத்தில் போடுவார்கள். அச்சொல் மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகும் கோப்பில் இல்லாததால் தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கிலமாகவே நிற்கும். பக்கத்தில் தேடினால் அகப்படாது, கொப்பி பண்ணினால் வராது. சொல் எதுவானாலும் உள்ளடக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

வேர்ட்டிலிருந்து ஒட்டினால் எம்.எஸ்.ஓ என்று தொடங்கும் பண்புகள் கூட்டமாக வந்து சேரும். கொன்ட்ரோல், ஷிப்ட், வி அழுத்தி ஒட்டினால் அவை வராது. தலைப்புக் குறிகளும் இணைப்புகளும் சேர்ந்தே போய்விடும் என்பதால் அவற்றைத் திரும்பப் போட நேரம் ஒதுக்குங்கள்.

விதிக்கோப்பை மாற்றினால் மூன்று மொழியிலும் ஒவ்வொரு பக்கமாவது திறந்து பாருங்கள், கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய கோப்பை உலாவி தன் சேமிப்பிலிருந்தே காட்டிக்கொண்டிருக்கும்.

பிரிப்பு சரியா என்று பார்க்க, பயர்பொக்ஸின் வியூ பட்டியலில் பேஜ் ஸ்ரைல் போய் நோ ஸ்ரைல் தெரியுங்கள், தோற்ற விதிகள் இல்லாமல் பக்கம் தெரியும். தலைப்பும் படிமுறையும் அப்போதும் ஒழுங்காக வாசிக்க வரவேண்டும். எஸ்.வி.ஜி வடிவில் உள்ள சின்னப் படங்கள் திரை முழுக்கப் பூதாகரமாக விரிந்தால், அவற்றின் அகலம் சி.எஸ்.எஸ்ஸில் மட்டும் இருக்கிறது. அதைக் குறியிலும் எழுதிவிடுங்கள்.